அண்ணை மூச்சுப் பிடித்தது

உடுப்புக் காயப்போடும்போது கொழுவுகிற கிளிப் போல ஒரு சின்னச் சாமான். விரல் நுனியில் மாட்டினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் எரியும். கொஞ்சம் பொறுத்தால் மேலே ஒரு எண் வரும். ஊசி இல்லை. இரத்தம் எடுப்பதில்லை. விரலைப் பிடித்துக்கொண்டே உடம்புக்குள் காற்று எவ்வளவு நிற்கிறது என்று சொல்லிவிடும். எப்படிச் சொல்கிறது என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் அதையும் பேய்க்காட்டலாம், ஏமாற்றலாம். அதை என் கண்ணால் பார்த்தேன். பேய்க்காட்டியவர் என் அண்ணை.

அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. எனக்கு அவரை விடக் கொஞ்சம் குறைவு. குருநகரில் ஒரே ஒழுங்கையில் எங்கள் வீடுகள். இளவயதில் அவர் சங்கு குளித்தார். நான் வள்ளத்தில் இருந்து அவருக்குக் கயிறு பிடித்தேன். இப்போது இரண்டு பேருக்கும் கடலில் வேலை இல்லை. பின்னேரத்தில் கரையில் வலை வைக்கும் கொட்டிலான வாடிக்குப் போவோம். சீட்டுக் கடதாசி விளையாடுவோம். முந்நூற்று நாலு என்கிற ஆட்டம். அண்ணையும் நானும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் லொறிக்காரர். அவரோடு சேர நாலாவது ஆளாக யார் அகப்படுகிறாரோ அவர்.

லொறிக்காரர் என்று சொல்கிறேனே தவிர, அவர் லொறியை விற்றுக் கனகாலம். பேர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாரி மழை பிடித்திருந்த நேரம். ஒரு நாள் லொறிக்காரர் லேஞ்சியால் மூக்கைத் துடைத்தபடி வாடிக்கு வந்தார். பேரப்பிள்ளை நேசரியில் இருந்து தடிமனைக் கொண்டுவந்ததாம். பிள்ளை அடுத்த நாளே துள்ளி விளையாடுகிறதாம், தனக்குத்தான் விடுகிறதில்லையாம். சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்தோம். கடதாசியைப் பிரிக்கத் தொடங்கினார்.

எங்கள் கரையில் காற்றில் உப்பு. மழை நாளில் ஈரமும் சேரும். கடதாசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் பிரிப்போம். அவர் மட்டுமில்லை, நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருவர் நாக்கில் தொட்டுப் பிரித்ததை மற்றவர் எடுத்து, தன் நாக்கில் தொட்டு விரிப்பார். எத்தனையோ வருசமாக நடக்கிறது. யாரும் யோசித்ததில்லை.

அன்றைக்குப் பெரிய சண்டையும் வந்தது. கையில் ஆட்டின், அதுதான் சிவப்பு இதயம் போட்ட கடதாசி, வைத்துக்கொண்டு அதைப் போடாமல், இல்லையென்று சொல்லி அண்ணை துரும்பால் வெட்டினார் என்றார் லொறிக்காரர். அண்ணை இல்லையென்றார். கடதாசியைப் புரட்டிப் பார்க்க முன் மழை சீறி அடித்தது. கூரைத் தகரம் கிளம்பியது. எல்லாம் நனைந்து கலந்து போயிற்று. வழக்குத் தீரவில்லை.

அதற்குப் பிறகு வாடி கூடவில்லை. முதலில் லொறிக்காரர் படுத்தார். அவருக்குப் பிறகு நான். எனக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து போயிற்று, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது, எழும்பிவிட்டேன். கடைசியாக அண்ணை.

அவர் எழும்பவில்லை. தடிமன் நெஞ்சுக்குள் இறங்கியது.

கொத்தமல்லி அவித்துக் குடித்தார். நொச்சி போட்டு ஆவி பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் தடிமனுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று கேட்டார். ஒரு விடியக்காலை மச்சாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டா. மச்சாள் என்றது அண்ணையின் மனைவியை.

"உங்கடை அண்ணை படுக்கேல்லை. கதிரையில இருந்தபடியே விடிஞ்சுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். கதிரையில் முன்னுக்குச் சரிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். தோள் ஏறி இறங்கியது. ஏன் வந்தாய் என்று கேட்க வாய் எடுத்தார். அந்தச் சின்னக் கேள்வியை அவரால் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. நடுவில் நிறுத்தி, காற்று எடுத்து, மிச்சத்தைக் கேட்டார். ஓட்டோ பிடிக்கப் போனேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் கால் வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது என்ன, எல்லாம் எங்கள் வயது ஆட்கள் என்று. வரிசையாகக் கட்டில். கட்டில் முழுக்க நரைத்த தலை. இடம் காணாமல் நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே இருமல். ஒருவர் தொடங்கினால் கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்வது போல மற்றவர்களும் தொடங்குவார்கள். நடுக்கட்டில் ஒன்றில் தலையணைக்குச் சாய்ந்தபடி லொறிக்காரர். எங்களைக் கண்டதும் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்துக் கட்டில்தான் அண்ணைக்குக் கிடைத்தது.

மூக்கில் குழாய் கொழுவினார்கள். சுவரில் இருந்து காற்று வந்தது. ஒட்சிசன். பின்னேரம் ஆகும்போது அண்ணை ஒரு வசனத்தை உடைக்காமல் சொன்னார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.

பகலில் நான் துணைக்கு நின்றேன். நிற்கிறவனுக்கு அங்கே வேலை அதிகம் இல்லை. சுடுதண்ணி எடுத்து வருவது, முதுகைத் தடவுவது, பாண் நனைத்துக் கொடுப்பது. மிச்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான். பார்க்கப் பார்க்க எனக்குக் கேள்வி வந்தது. நேசரிப் பிள்ளைக்கு ஒரு நாள் மூக்கு ஓடியது. எனக்குச் சில நாள் காய்ச்சல். அண்ணைக்குச் சுவரில் இருந்து காற்று வேண்டும். ஒரே சாமான்தான் மூன்று பேருக்கும் வந்தது. ஏன் அப்படி?

வாட்டில் ஒரு நேர்ஸ் பிள்ளை இருந்தா. சின்ன வயது. மிஸி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவவிடம் கேட்டேன். இது காய்ச்சல் வைரஸ், மழை தொடங்கினால் வருசா வருசம் வரும் என்றா. பிள்ளைகளும் இருமுவார்கள், ஆனால் கட்டிலை நிரப்புவது தாத்தாமார்தான் என்றா. வயது போனால் உடம்பு சண்டை பிடிக்கப் பிந்தும், அதற்கிடையில் அது நெஞ்சுக்குள் இறங்கிவிடும், முன்பே புகைத்த நெஞ்சென்றால் இன்னும் கெதி என்றா. அண்ணை கன வருசம் சுருட்டுக் குடித்தவர். நான் குடித்ததில்லை. கயிறு பிடிக்கிற கை ஒழியாது.

எப்படி ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் போகிறது என்று கேட்டேன். இருமலில், தும்மலில், எச்சில் பட்ட கையில் என்றா. நான் லொறிக்காரரின் பெருவிரலைப் பார்த்தேன். பிறகு என் பெருவிரலைப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் மூக்கில் இருந்து புறப்பட்டு ஆட்டின் ராணியில் ஏறி அண்ணையின் நெஞ்சு வரைக்கும் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு தூரம் நடந்திருக்கிறதே என்று யோசித்தேன். கோபம் வரவில்லை. அதிசயமாகத்தான் இருந்தது.

மிஸி காலையும் மத்தியானமும் பின்னேரமும் ஒரு தள்ளுவண்டியோடு வருவா. அதன் ஒரு சில்லு கிறீச்சிடும். வாட்டின் அந்தத் தொங்கலில் தொடங்கினால் இந்தத் தொங்கல் வரைக்கும் கேட்கும். ஒவ்வொருவர் விரலிலும் அந்தக் கிளிப்பைக் கொழுவி எண் பார்ப்பா. எண் கூட இருந்தால் நல்லது. குறைந்தால் குழாயில் காற்றைக் கூட்டுவார்கள். நன்றாகக் குறைந்தால் உள்ளே ஒரு மெசின் அறை இருக்கிறது, அங்கே கொண்டுபோவார்கள்.

லொறிக்காரரும் அண்ணையும் இதைக் கண்டால் சும்மா விடுவார்களா. ஆட்டம் போல ஆக்கிவிட்டார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் எட்டிப் பார்ப்பார். முதலில் லொறிக்காரருக்குத்தான் கூட வந்தது. அவருக்கு நல்ல சந்தோசம்.

"என்ன சங்குக்காரர், மூச்சுக்குப் பேர்போன ஆள் எண்டு கேள்விப்பட்டன். இண்டைக்கு லொறி முந்திட்டுது."

அண்ணை கூரையைப் பார்த்தார். தோற்றால் விடாத அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அண்ணையின் எண் ஏறியது. பின்னேரம் இன்னும் ஏறியது. லொறிக்காரரைத் தாண்டியது. மிஸி நல்லது ஐயா என்றா. அண்ணை லொறிக்காரர் பக்கம் திரும்பி ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். நானும் சந்தோசப்பட்டேன். வருத்தம் சுகமாகிறது என்று மச்சாளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஒன்று ஒட்டவில்லை. எண் நல்லது என்றால் ஆளும் நல்லாக இருக்க வேண்டும். இவர் பாண் துண்டை மென்று முடிக்கக் களைத்தார். கக்கூசுக்குப் போய் வந்து கட்டிலில் சாய்ந்தால் சாரம் வியர்வையில் நனைந்திருந்தது. உதடு நல்ல நிறத்தில் இல்லை. கிளிப் ஒன்று சொல்கிறது, உதடு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு காரியம் நடந்தது. மூலைக் கட்டிலில் ஒருவர் இருந்தார். பாசையூர் ஆள், எங்களை விட மூத்தவர். அவரை மெசின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மகன் வந்து உடுப்புப் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனான். அண்ணை அந்தச் செருப்பு வாசலைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டை போவம் தம்பி என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு லொறிக்காரர் சீண்டினாலும் அவர் சிரிக்கவில்லை. ஆனால் எண் மட்டும் ஏறிக்கொண்டே நின்றது.

நான் கண்டுபிடித்தது ஒரு மத்தியானம். அண்ணை கண்ணை மூடிக் கிடந்தார். அந்தத் தொங்கலில் சில்லுக் கிறீச்சிட்டது. அண்ணை கண் திறந்தார். எழும்பி நிமிர்ந்து இருந்தார். வாயால் மெதுவாகக் காற்றை இழுத்தார். முதலில் வயிறு எழும்பியது. பிறகு நெஞ்சு. கடைசியாகத் தோள். மெல்ல விட்டார். திரும்ப இழுத்தார்.

வள்ளத்தின் விளிம்பில் இருந்து தண்ணீருக்குள் போக முன் அவர் செய்வது இதுதான். சிலதரம் இப்படி இழுத்து விடுவார். கடைசி மூச்சை நிறைய இழுத்து, அதன் மேல் இன்னும் ஒரு வாய்க் காற்றைத் தண்ணீர் குடிப்பதுபோல விழுங்குவார். தொண்டைக் குமிழ் ஒரு தரம் ஏறி இறங்கும். அது இறங்கினால் நான் கயிற்றைத் தளர்த்துவேன். அவர் போவார்.

சில்லுச் சத்தம் கிட்ட வந்தது. இருமல் வந்தது. அதை அடக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது. மிஸி லொறிக்காரரை முடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினா. அண்ணையின் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. என் கை தன்பாட்டில் கட்டில் விளிம்பில் கயிறு தேடியது.

மிஸி கிளிப்பைக் கொழுவினா. எண் நல்ல எண். எழுதிக்கொண்டு போனா. வண்டி நாலைந்து கட்டில் தாண்டியதும் அண்ணை காற்றை விட்டார். கூடவே இருமலும் வெடித்தது. தலையணையில் சரிந்தார். முகம் சாம்பல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த வயதில், இந்த நெஞ்சோடு, கட்டிலில் இருந்து சங்கு குளிக்கிறார் மனிதர். பிறகு சிரிப்பு நின்றது.

ஏனென்றால் அன்று பின்னேரம் டொக்டர் வந்தார். எண்ணை எல்லாம் பார்த்தார். குழாயைக் கழற்றச் சொன்னார். இரவுக்கும் இப்படியே நின்றால் காலையில் துண்டு வெட்டலாம் என்றார். துண்டு வெட்டினால் வீட்டுக்குப் போகலாம். டொக்டரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த எண் அப்படி. வாசலில் இன்னொரு கிழவர் கதிரையில் குந்தியிருந்தார். பக்கத்தில் நிலத்தில் சின்ன சிலிண்டர். கட்டில் ஒன்று காலியாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாளுக்கு அறிவித்தார்கள். வீடு கழுவத் தொடங்கிவிட்டா. வீட்டில் சுவரில் இருந்து காற்று வராது. அதுதான் என் யோசனை.

டொக்டர் போனதும் அண்ணைக்குக் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன். அண்ணை, நீங்கள் செய்யிறது எனக்குத் தெரியும் என்றேன். எது என்று கேட்டார். என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடினார்.

"உன்ரை வேலையைப் பார். எனக்கு ஒண்டும் இல்லை. இப்பத்தான் நல்ல சுகமா இருக்கு. மிதக்கிற மாதிரி."

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கடலடியில் ஒருவன் கூட நேரம் நின்றால் முதலில் நெஞ்சு முட்டும். மேலே போ என்று உடம்பு சொல்லும். அதையும் தாண்டி நின்றால் ஒரு சுகம் வரும். முட்டுவது நின்றுவிடும். குளிர் தெரியாது. இன்னும் ஒரு சங்கு எடுக்கலாம் போலத் தோன்றும். அப்படித் தோன்றுகிறவன் மேலே வரமாட்டான். அதனால் எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. குளிக்கிறவன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் தூக்க வேண்டும். அவன் இழுக்காவிட்டாலும், மேலே இருக்கிறவனுக்குக் காணும் என்று பட்டால் தூக்கலாம். தூக்கினால் வர வேண்டும். ஏன் தூக்கினாய் என்று பிறகு கேட்கக்கூடாது. கீழே நிற்கிறவனுக்குத் தன் மூச்சு எவ்வளவு என்று தெரியாது. மேலே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அண்ணையோடு நான் அப்படிச் சிலதரம் செய்திருக்கிறேன். ஏறி வந்து கண் சிவக்க என்னைப் பார்ப்பார். கேட்கமாட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாம் இதே யோசனை. மிஸியிடம் சொல்லிவிடலாம். அது நேர்வழி. ஆனால் கட்டில் கட்டிலாகக் கதை போகும். சங்குக்காரர் கிளிப்பை ஏமாற்றினார் என்று லொறிக்காரர் கரை முழுக்கச் சொல்லுவார். அண்ணை அந்த வெட்கத்திலேயே கட்டிலை விட்டு எழும்பிப் போய்விடுவார். எழும்பிப் போகக்கூடிய ஆள்தான். மூச்சை அவராக விட வேண்டும். எப்படி விட வைப்பது? மூச்சுப் பிடிக்கிறவனால் கதைக்க முடியாது. கதைத்தால் காற்றுப் போய்விடும். அண்ணையைக் கதைக்க வைக்க என்ன வழி என்று யோசித்தேன். கோயில் சந்தியைத் தாண்டும்போது அது பிடிபட்டது.

காலையில் வெள்ளெனப் போனேன். அண்ணை முகம் கழுவி, தோளில் துவாய் போட்டு, போக ஆயத்தமாக இருந்தார். உதடு நேற்றை விட மோசம். முகம் மட்டும் ஒரு வகை அமைதி. சில்லுக் கிறீச்சிட்டது. இழுக்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. தொண்டைக் குமிழ் இறங்கியது. மிஸி கிளிப்பைக் கொழுவினா.

நான் லொறிக்காரரைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணைக்குக் கேட்கச் சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் சொன்னது சரி. அண்ணையின்ரை கையில ஆட்டின் இருந்தது. நான் கண்டனான்."

லொறிக்காரர் தலையணையில் இருந்து நிமிர்ந்தார். "பாத்தியளே. அவற்றை தம்பியே சொல்லுறார்."

அண்ணையின் கண் என் பக்கம் திரும்பியது. பொறுத்தார். நல்லாகத்தான் பொறுத்தார். கன்னம் துடித்தது. லொறிக்காரர் விடவில்லை. அப்ப இவ்வளவு வருசமும் இப்படித்தான் வெண்டிருக்கிறியள் என்றார்.

"எடேய்," என்றார் அண்ணை. காற்றுப் போய்விட்டது. "எவன்ரை கையில... ஆட்டின் இருந்தது? நீ... எங்கை இருந்து... கண்டனி?"

நீங்கள் விரித்துப் பிடிக்கும்போது கண்டேன் என்றேன். அண்ணை தன்னிடம் இருந்தது என்ன என்ன என்று ஒவ்வொரு கடதாசியாகச் சொல்லத் தொடங்கினார். இரண்டு சொல், ஒரு மூச்சு. ஒரு சொல், ஒரு மூச்சு. மிஸி கிளிப்பைக் கழற்றக் கை நீட்டினவ. கழற்றவில்லை. எண்ணைப் பார்த்தா. அது இறங்கியது. கொஞ்சம் நின்று இன்னும் இறங்கியது. அவ என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கதையுங்கோ ஐயா," என்றா அவ. "அவையள் பிழையா சொல்லீனம். நீங்கள் கதையுங்கோ."

அண்ணை கதைத்தார். எண் கீழே போய், கிளிப் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விரலைப் பார்த்தார். மிஸியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். வாயை மூடினார்.

குழாய் திரும்ப மூக்குக்கு வந்தது. டொக்டர் வந்தார். துண்டு வெட்டவில்லை. நெஞ்சைத் திரும்பவும் படம் எடுத்தார்கள். சளி அடியில் கட்டியிருக்கிறது என்றார்கள். மருந்தை மாற்றினார்கள். வாசல் கதிரையில் இருந்த கிழவருக்கு நடைபாதையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு மிஸி என்னைப் புறம்பாகக் கூப்பிட்டுக் கேட்டா. தனக்கும் இரண்டு நாளாக ஐமிச்சமாம். மேல் எல்லாம் வியர்வை, எண் மட்டும் எப்படி நல்லது என்று யோசித்தாவாம். வேறு கிளிப் மாற்றியும் பார்த்தாவாம். நான் கடல் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டா. எவ்வளவு ஆழம், காது அடைக்காதா, கண் திறந்தா போவார் என்றெல்லாம் கேட்டா. காற்றுக் குறைந்தால் சுகம் போலத் தோன்றுவது கட்டிலில் கிடக்கிறவர்களுக்கும் வரும், அதனால்தான் ஆள் நல்லாக இருக்கிறேன் என்று சொன்னாலும் கிளிப் பார்க்கிறோம் என்றா. கடலடியும் கட்டிலும் ஒன்றுதான் போல. அதற்குப் பிறகு அவ அண்ணைக்கு எண் பார்க்க வண்டி கொண்டு வரவில்லை. கிளிப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு பின்பக்கத்தால் வருவா.

அண்ணை என்னோடு கதைக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பாண் நனைத்துக் கொடுத்தால் வாங்குவார். முகம் பார்க்கமாட்டார். மச்சாள் வந்தால் அவவுக்கூடாக எனக்குச் செய்தி சொல்லுவார். சுடுதண்ணி முடிஞ்சுதாம் என்று சொல்லச் சொல்லுவார். நான் எடுத்து வருவேன். லொறிக்காரரும் ஒன்றும் சீண்டவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இருமல் மெல்ல இளகியது. ஒரு பின்னேரம் மழை விட்டு யன்னலால் வெயில் விழுந்தது. அண்ணை இந்தப் பக்கம் திரும்பினார்.

"தூக்கிப்போட்டாய்," என்றார்.

"ஓம்," என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "ஆனா ஆட்டின் இருக்கேல்லை."

நான் சுடுதண்ணி எடுக்கப் போனேன்.

முதலில் லொறிக்காரருக்குத் துண்டு வெட்டினார்கள். பிறகு அண்ணைக்கு. போகும் நாளில் டொக்டர் அடுத்த மாரிக்கு முதல் வயது போனவர்கள் போடக்கூடிய ஊசி ஒன்று இருக்கிறது என்றார். காய்ச்சல் வந்தாலும் நெஞ்சில் இறங்காமல் தடுக்க உதவும் என்றார். பிள்ளைகளுக்குத்தானே ஊசி என்றார் அண்ணை. டொக்டர் வாட்டைச் சுற்றிக் கையைக் காட்டினார். இங்கே பிள்ளை யாராவது கிடக்கிறார்களா என்று கேட்டார். அண்ணை சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து ஓட்டோவில் ஏறிய பிறகு, அது எங்கை போடுறது எண்டு கேட்டு வை என்றார்.

வாடி திரும்பக் கூடுகிறது. அண்ணைக்கு நடக்க நேரம் எடுக்கும். வலை காயும் இடத்தில் ஒரு தரம் நின்று மூச்செடுத்துத்தான் வருவார். நான் பின்னால் போவேன். கிட்டப் போனால் பேசுவார். லொறிக்காரர் ஒரு சிரட்டையில் ஸ்பொஞ்சுத் துண்டை நனைத்து வைத்திருக்கிறார். இனிப் பெருவிரல் அதில்தான். மறந்துபோய் நாக்குக்குக் கொண்டுபோகிறவர் அந்தச் சுற்றை இழந்தார். மற்ற பக்கத்துக்கு ஆட்டம். யாருக்காவது மூக்கு ஓடினால் அன்றைக்கு வாசலுக்கு வெளியே கதிரை. அங்கே இருந்து நியாயம் பிளக்கலாம், கடதாசி தொடக்கூடாது.

லொறிக்காரரின் மகள் அந்தக் கிளிப் போல ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாள். ஆட்டம் தொடங்க முன் ஒவ்வொருவராகக் கொழுவிப் பார்ப்போம். நானும் கொழுவுவேன். உள்ளே எரியும் சிவப்பில் நகத்தின் பின்பக்கம் தெரியும். இன்னமும் எனக்கு அது அதிசயம்தான். அண்ணையின் முறை வந்தால் மட்டும் ஒரு சட்டம். கிளிப் விரலில் இருக்கும் வரைக்கும் வாய் மூடக்கூடாது. எதையாவது கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லொறிக்காரர்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார். அண்ணை மறுக்கவில்லை.

என்னத்தைக் கதைப்பது என்று அவர் யோசிப்பதே இல்லை. அன்றைக்குத் தன் கையில் இருந்த கடதாசிகளை முதலில் இருந்து சொல்லத் தொடங்குவார். இப்போது ஒரு வசனத்தை உடைக்காமல் சொல்கிறார். நான் எண்ணைப் பார்ப்பதில்லை. அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.